முதுமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் ஓய்வூதியர் சங்கத்தில் காலை வேளைகளில் உட்கார்ந்து படிவங்கள் நிரப்பிக் கொடுப்பது என் வழக்கம். ஆண்டு நேர்காணலுக்கோ மருத்துவக் காப்பீட்டுக்கோ வருகிறவர்கள் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகும் உடனே எழுந்து போவதில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, தயங்கித் தயங்கி வேறொன்றைக் கேட்பார்கள். அந்த வேறொன்று பெரும்பாலும் கீழே உள்ளவற்றில் ஒன்றாகவே இருக்கிறது. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டுவைத்திருக்கிறேன். பதில்கள், உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற, 73 வயதான ஒருவனுடையவை; மருத்துவரிடமும் வழக்கறிஞரிடமும் கேட்க வேண்டியதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வயசுலேருந்து சார் கிழவன்னு சொல்றது? அறுபதா, எழுபதா?

யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் (2007) 60 வயதில் கோடு கிழிக்கிறது. தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58 ஆக இருந்து, 2020இல் 59 ஆகி, 2021இல் 60 ஆனது. என்னை மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிய அதே வயதில் என் மாணவர்கள் இன்று பணியில் இருக்கிறார்கள். வருமானம் பாராமல் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் சேர 70 வயது ஆகியிருக்க வேண்டும். வருமான வரித் துறைக்கோ 80 ஆனவர்தான் மிக மூத்த குடிமகன்.

உடம்பு இந்தக் கோடுகள் எதையும் பார்ப்பதில்லை. நாற்பதைத் தாண்டும்போதே வெள்ளெழுத்து வந்து, செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடிக்கிறோம். அதற்காக யாரும் தன்னைக் கிழவன் என்று நினைத்துக்கொள்வதில்லை. என் கணிப்பில், பேருந்தில் ஓர் இளைஞன் எழுந்து இடம் கொடுக்கும்போது, யாருக்காக எழுந்தான் என்று திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்துவிடும் நாளில் முதுமை தொடங்கிவிடுகிறது.

அறுபதாம் கல்யாணம் கட்டாயம் பண்ணிக்கணுமா?

கட்டாயம் ஏதும் இல்லை. பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுகள் சுற்றி முடிந்து, நீங்கள் பிறந்த ஆண்டின் பெயரே மறுபடி வருவதை ஒட்டிய சடங்கு அது. திருக்கடையூரில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கும் தம்பதிகளைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். கடன் வாங்கிச் செய்ய வேண்டாம். பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டால் முறுக்கிக்கொள்ளவும் வேண்டாம்.

ரிட்டையர் ஆகி கொஞ்ச நாள்தான் ஆச்சு. பொழுதே போக மாட்டேங்குது. என்ன பண்றது?

இத்தனை ஆண்டுகளாகக் காலை ஒன்பது மணிக்கு நம்மை யாரோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள்; நாம் போகவில்லை என்றால் ஆள் அனுப்பிக் கேட்டார்கள். திடீரென்று அது நின்றுபோனதைத்தான் நாம் பொழுது போகவில்லை என்று சொல்கிறோம். தொலைக்காட்சி அந்தக் குறையைத் தீர்க்காது, ஏனென்றால் நாம் பார்க்காவிட்டாலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே, வரவில்லையென்றால் யாராவது ‘ஏன் வரவில்லை’ என்று கேட்கும்படியான ஒரு காரியத்தில் கையை வையுங்கள். கோயில் உழவாரப் பணியாக இருக்கலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதாக இருக்கலாம், விடிகாலையில் குளத்தைச் சுற்றி நடக்கும் நாலு பேர் கூட்டமாகவும் இருக்கலாம்.

ஆண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்குத்தான் ஓய்வு வந்திருக்கிறது. உங்கள் மனைவிக்கு வரவில்லை. அலுவலகத்தில் ஆள வழியில்லாமல் போனவர்கள் அடுத்து அடுப்படியை ஆளப் பார்க்கிறார்கள். கடுகு டப்பாவை இடம் மாற்றி வைத்ததில் தொடங்கி, கணவன் மனைவிக்குள் பேச்சே நின்றுபோன வீட்டை எனக்குத் தெரியும். யோசனை சொல்வதை விட்டுவிட்டு ஏதாவது ஒரு வேலையை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். காலைக் காபி என்றால், பொடி தீர்வதைக் கவனித்து வாங்குவது, டிகாஷன் இறக்குவது, பால் காய்ச்சுவது, ஃபில்டரைக் கழுவிக் கவிழ்ப்பது வரை எல்லாம் அதில் அடக்கம். இதற்குப் பிற்பாடு வேறொரு பயனும் இருக்கிறது, கீழே வரும்.

பேரு சட்டுன்னு வாயில வரல. இது அந்த மறதி நோயோட ஆரம்பமா சார்?

பெரும்பாலும் இல்லை. வயதாக ஆக நினைவிலிருந்து ஒன்றை எடுக்கும் வேகம் குறைகிறது, அதிலும் ஆட்களின் பெயர் முதலில் அடம்பிடிக்கும். சொல்வளம் அப்படிக் குறைவதில்லை. மொழியறிவு எழுபதிலும் நன்றாக நிற்கிறது. காலையில் வராத பெயர் மாலையில் குளிக்கும்போது தானாக வந்துவிட்டால் கவலைப்பட ஒன்றும் இல்லை. கவனிக்க வேண்டியவை வேறு: நாற்பது ஆண்டுகள் நடந்த தெருவில் வழி தப்புவது, பத்து நிமிடத்துக்குள் அதே கேள்வியை மறுபடி கேட்பது, வங்கியில் கணக்கராக இருந்தவர் பால் கணக்குப் போட முடியாமல் திணறுவது, கண்ணை மூடிக்கொண்டு சாம்பார் வைத்தவர் அடுத்து எதைப் போடுவது என்று நிற்பது. இவற்றை முதலில் காண்பவர் பெரும்பாலும் கூட இருப்பவர்தான். அவர் சொன்னால் கோபப்படாமல் கேளுங்கள்.

அப்படியே இருந்தாலும் எல்லாம் மறதி நோய் ஆகிவிடாது. தைராய்டு சுரப்புக் குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவையும் இதே வேடத்தில் வரும். அவற்றைச் சரிசெய்ய முடியும். வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மருத்துவர் முன் கொட்டுங்கள். நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று பிதற்றினால் அதை வயதின் கணக்கில் எழுத வேண்டாம். சிறுநீர்த் தொற்றோ, இரத்தத்தில் சோடியம் குறைந்ததோ காரணமாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அவருக்குக் காது கேக்கல, ஆனா ஒத்துக்கவே மாட்டேங்கறாரு. “நீங்கள்லாம்தான் முணுமுணுக்கறீங்க”ன்னு சண்டைக்கு வர்றாரு.

அவர் பொய் சொல்லவில்லை. வயதில் காது மந்தமாகும்போது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகின்றன. பேச்சில் ச, ஸ, த போன்ற மெய்களின் கூர்மை மங்கி, உயிரொலிகள் மட்டும் பழைய பலத்தோடு கேட்கின்றன. குரல் காதில் விழுகிறது, சொல் விழுவதில்லை. ஆகவே, எதிரில் இருப்பவர் முணுமுணுப்பதாகவே அவருக்குத் தோன்றும். நீங்கள் கத்தினால் உயிரொலி இன்னும் உரத்துக் கேட்குமே தவிர, சொல் தெளியாது. வெளிச்சத்தில் முகம் தெரியும்படி நின்று, நிதானமாகப் பேசுங்கள். சமையலறையிலிருந்து முதுகைக் காட்டிக்கொண்டு பேசிவிட்டு அவரைக் குறை சொல்லாதீர்கள்.

காது கேட்கும் கருவி மூக்குக் கண்ணாடியைப் போல மாட்டிய கணத்திலேயே வேலை செய்வதில்லை. இத்தனை நாள் கேட்காத மின்விசிறிச் சத்தமும் தட்டுச் சத்தமும் ஒரேயடியாக வந்து மோதும். மூளை பழகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் எரிச்சல்பட்டு அதை பீரோவில் வைத்துப் பூட்டியவர்கள் எங்கள் சங்கத்திலேயே நிறைய. மறதி நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் காரணங்களுள் ஒன்றாகக் காது கேளாமையையும் மருத்துவர்கள் சொல்கிறார்கள் என்பதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். முந்தைய கேள்வியைக் கேட்டவர்களில் பாதிப் பேர் அந்தப் பயத்தாலேயே கருவிக்குச் சம்மதித்தார்கள்.

கீழ விழுந்துடுவோமோன்னு பயமா இருக்கு. அதனால நடக்கிறதையே குறைச்சுட்டேன்.

குறைத்தால் கால் இன்னும் மெலியும், மெலிந்த கால் இன்னும் சீக்கிரம் தடுமாறும். நடையை விடாமல், விழ வைக்கும் இடங்களைச் சரிசெய்யுங்கள். குளியலறையில் கழிப்பறை இருக்கைக்குப் பக்கத்துச் சுவரில் பிடிகம்பி பதியுங்கள். துண்டு போடுகிற கம்பி போதும் என்று நினைக்க வேண்டாம். உடம்பின் பாரம் விழுந்தால் அது திருகோடு பெயர்ந்து கையோடு வந்துவிடும். இரவில் எழுந்தால் கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு நில்லுங்கள். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது மிக முக்கியம். வயதானால் தாகம் எடுப்பதும் குறைந்துவிடுகிறது என்பதால், தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். சித்திரை வெயிலில் தலைசுற்றி விழுகிற பலருக்குக் காரணம் அதுதான்.

கைத்தடிக்கு வெட்கப்பட வேண்டாம். ஒரு முழங்கால் வலித்தால், அதற்கு எதிர்ப்பக்கத்துக் கையில் தடியைப் பிடிக்க வேண்டும். வலிக்கிற பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு தெருவில் போகிறவர்களைப் பார்த்தால் நிறுத்திச் சொல்லத் தோன்றுகிறது. சிலரிடம் சொல்லியும் இருக்கிறேன், ஒருவரும் சந்தோஷப்படவில்லை.

பிள்ளைங்களுக்குப் பாரமா ஆயிடுவோமோன்னு நெனச்சா ராத்திரி தூக்கமே வரல.

அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான், பெண்களே அதிகம் கேட்கிறார்கள். நம்மில் பலருக்கும், சில காலமாவது, பிறர் கை தேவைப்படும். யாருக்கும் பாரமாக இருக்க மாட்டேன் என்று சபதம் செய்தவர்கள்தான், நான் பார்த்த வரையில், கடைசியில் மிகப் பெரிய பாரமாக ஆனார்கள். எங்கள் தெருவில் சர்க்கரை நோயுள்ள ஓர் அம்மாள், பேத்திக்குப் பரீட்சை நேரம் என்று, கால் விரலில் வந்த புண்ணைச் சேலை ஓரத்துக்குக் கீழே மறைத்தே வீட்டில் நடமாடினார். மருமகள் துணி மடிக்கும்போது புடவை ஓரத்தில் கறையைப் பார்த்துத்தான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. மகன் வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டார். முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு மருத்துவமனைப் பயணத்தோடு முடிந்திருக்கும்.

உதவியை வாங்கிக்கொள்வது நமக்குப் பழக்கமில்லாத காரியம். வாழ்நாள் முழுதும் கொடுத்தே பழகிவிட்டோம். உடம்பில் தெம்பு இருக்கும்போதே அதைப் பழகுங்கள். மகன் பையைத் தூக்க வந்தால் கொடுத்துவிடுங்கள், மருத்துவரிடம் துணைக்கு வருகிறேன் என்றால் சரி என்று சொல்லுங்கள். ஆனால் எங்கே இருப்பது, என்ன சாப்பிடுவது, வங்கிப் புத்தகம் யாரிடம் இருப்பது என்பவற்றில் முடிவை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடித்து மாடி ஏற்றிவிடுபவரிடம், எந்த மாடிக்குப் போவது என்ற முடிவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை. நான் சொல்லும் மற்ற பதில்கள் பலவும் இந்த ஒன்றிலிருந்தே வருகின்றன.

வீட்டை இப்பவே பையன் பேர்ல எழுதி வெச்சுட்டா நிம்மதிதானே?

யாருடைய நிம்மதி என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். உயில் நம் காலத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வருவது. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும் நல்லது. செட்டில்மென்ட் பத்திரம் அப்படியல்ல. பதிந்து கொடுத்தால் வீடு அன்றே கைமாறிவிடும்.

2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ஒரு பாதுகாப்புத் தருகிறது: பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்காவிட்டால், அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். அந்த நிபந்தனை இருந்தது என்பது காட்டப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. 2025 ஜனவரியில் வந்த மற்றொரு தீர்ப்பு, சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. வழக்கின் முடிவை நம்பிக்கொண்டிருப்பதை விட, எழுதியே ஆக வேண்டும் என்றால் பராமரிப்பு நிபந்தனையையும் உங்கள் ஆயுள்கால அனுபவ உரிமையையும் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். தமிழ்நாட்டில் இந்தத் தீர்ப்பாயம் வருவாய்க் கோட்டாட்சியரிடம் இருக்கிறது; ஜீவனாம்சமாக மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். வழி தெரியாதவர்கள் முதியோர் உதவி எண் 14567ஐ அழைக்கலாம்.

“என் பையன் அப்படிப்பட்டவன் இல்லை” என்பார்கள். இல்லாமலே இருக்கட்டும். நல்ல மகனுக்கும் தொழிலில் கடன் வரலாம், மணமுறிவு வரலாம், நமக்கு முன்பே அவனுக்கு ஏதாவது நேரலாம். அப்போது வீடு அவன் பெயரில் இருப்பதால் அவனுடைய கஷ்டத்தோடு சேர்ந்து போகும். உயில் போதும் என்பது என் கட்சி.

பொண்ணு அமெரிக்காவுல இருக்கா. வந்து கூடவே இருங்கங்கறா. போயிடலாமா?

போய்ப் பாருங்கள், ஆனால் குளிர்காலத்தில் போய்ப் பாருங்கள். கோடையில் போனவர்கள் எல்லோரும் சொர்க்கம் என்றுதான் சொல்கிறார்கள். பார்வையாளர் விசாவில் வழக்கமாக ஆறு மாதம் தங்க விடுவார்கள். சனவரியில் பனி கொட்டும்போது, கார் ஓட்டத் தெரியாமல், வீட்டார் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு பகல் முழுதும் எப்படிக் கழிகிறது என்று அதற்குள் தெரிந்துவிடும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அங்கே காப்பீடு எவ்வளவு கொடுக்கும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முடிவு எடுக்கும் வரை இங்குள்ள வீட்டை விற்க வேண்டாம். பெங்களூரில் பன்னிரண்டாவது மாடியில் இருக்கும் மகன் வீட்டுக்கும், பனியைத் தவிர, இதே பதில்தான்.

முதியோர் இல்லம்னாலே பெத்தவங்களைத் தள்ளிவிட்டுட்டாங்கன்னுதானே அர்த்தம்?

கொண்டுபோய் விடப்படுவது வேறு, தானே தேர்ந்து போவது வேறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே நாட்டில் 60 வயது கடந்தவர்கள் 8.6 விழுக்காடு என்றால் தமிழ்நாட்டில் 10.4 விழுக்காடு, இப்போது இன்னும் கூடியிருக்கிறது. ஒரு பிள்ளையோ இரண்டோ, அவர்களும் வெளியூரில் என்றால், பகலெல்லாம் பூட்டிய வீட்டில் தனியாக இருப்பதை விட நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுவது எவ்வளவோ மேல். இதில் மானம் போவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிவதில்லை.

சேர்வதற்கு முன் சொல்லாமல் கொள்ளாமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வார்களா, அல்லது வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்வார்களா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். பல இடங்களில் இரண்டாவதுதான் நடக்கிறது. முன்பணம் எப்போது, எவ்வளவு திரும்பி வரும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

அவ போனதுக்கப்புறம் வீட்டுல இருக்கவே பிடிக்கல சார். இதை எப்படித் தாங்கிக்கிறது?

துக்கத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றாடத்துக்கு மட்டும் சிலவற்றைச் சொல்கிறேன். முதல் ஆண்டில் வீட்டை விற்பது, ஊர் மாறுவது போன்ற பெரிய முடிவுகள் வேண்டாம். இறந்தவரின் பெயரை வீட்டில் யாரும் எடுக்காமல் இருப்பார்கள், உங்கள் மனம் நோகும் என்று. நீங்களே எடுத்துப் பேசுங்கள். மனைவி போன பிறகு ஆண்களுக்கு உறவுகளும் மெல்ல விட்டுப்போகின்றன, ஏனென்றால் நாத்தனார் வீட்டுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தது அவர்தான். அந்த அழைப்புகளை இனி நீங்கள் செய்ய வேண்டும். காபி போடக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மேலே சொன்னதன் மறு பயன் இதுதான்: துக்கத்தோடு எழுந்திருக்கும் காலையில், ஒரு டம்ளர் காபிக்காக மருமகள் எழுந்து வரும் வரை நாற்காலியில் உட்கார்ந்திருக்க நேராது.

பெண்களுக்குச் சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. கணவர் இருந்தவரை வங்கி வாசலையே மிதிக்காதவர்கள் குடும்ப ஓய்வூதியத்துக்காக அலைவதை வாரந்தோறும் பார்க்கிறேன். இருவரும் இருக்கும்போதே கூட்டுக் கணக்காக்குங்கள், வாரிசு நியமனத்தைச் சரிபாருங்கள், மனைவி கையாலேயே ஒருமுறை பணம் எடுக்கச் செய்யுங்கள்.

பழசையே நினைச்சுட்டு இருக்கிறது தப்பா? நான் வாயைத் திறந்தாலே வீட்டுல “ஆரம்பிச்சுட்டாரு”ங்கறாங்க.

தப்பில்லை. புறநானூற்றின் 243ஆம் பாட்டில், பூண் கட்டிய தடியை ஊன்றி, இருமலுக்கு நடுவே சில சொற்களே பேச முடிகிற ஒரு முதியவர், சிறுவயதில் மருத மரக் கிளையிலிருந்து மடுவில் குதித்து அடியாழத்து மணலை அள்ளி வந்ததை நினைத்து ஏங்குகிறார். பாடியவரின் இயற்பெயர் கூடத் தெரியவில்லை. பாட்டில் வரும் அந்தத் தடியைக் கொண்டே தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைக்கிறோம். ஆனால் அவர் அந்தக் காலத்துப் பிள்ளைகள் போல இந்தக் காலத்தில் உண்டா என்று ஒரு வரியும் சேர்க்கவில்லை. வீட்டில் அலுப்பு வருவது கதையால் அல்ல, நாம் கதையின் வாலில் கட்டி அனுப்பும் குற்றச்சாட்டால். அதை வெட்டிவிட்டுச் சொல்லிப் பாருங்கள், பேரன் மிச்சத்தைக் கேட்பான்.

இத்தனை நாள் இருந்து என்ன சார் அர்த்தம்? இனிமே நம்மால யாருக்கு என்ன பிரயோஜனம்?

தூக்கமும் பசியும் போய், நாள்தோறும் இதே எண்ணம் ஓடுகிறது என்றால் அது தத்துவக் கேள்வி இல்லை, மனச்சோர்வு. மருத்துவரைப் பார்த்தால் குணமாகும். அப்படி இல்லாமல் கேட்டால், என் அனுபவத்தைச் சொல்கிறேன். பணியில் இருந்தபோது எதிரில் நிற்கும் எவரிடமும் எனக்கு ஏதோ ஒன்று தேவைப்பட்டது: மாணவனிடம் மதிப்பெண், தலைமையாசிரியரிடம் நல்ல பெயர், மகனிடம் நான் நினைத்த படிப்பு. இப்போது யாரிடமும் எனக்கு எதுவும் ஆக வேண்டியதில்லை. பாகப் பிரிவினைச் சண்டையில் வந்து உட்காரும் அண்ணனும் தம்பியும், இவன் எந்தப் பக்கமும் சாய மாட்டான் என்று தெரிந்தே மனதில் உள்ளதைச் சொல்கிறார்கள். நான் பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நாற்பது வயதில் எனக்கு இந்தக் காது இருந்திருந்தால் நல்ல ஆசிரியனாக இருந்திருப்பேன்.

பிரயோஜனம் என்ற கணக்கை நாம் வேலையிலிருந்து கொண்டுவந்துவிட்டோம். கைக்குழந்தையிடம் யாரும் அந்தக் கணக்கைக் கேட்பதில்லை. நம்மிடமும் பெரும்பாலும் பிறர் கேட்பதில்லை, நாமே கேட்டுக்கொள்கிறோம்.

கடைசில ஐசியூல வயரு மாட்டிக் கெடக்க வேண்டாம்னு இப்பவே எழுதி வைக்க முடியுமா? பிள்ளைங்ககிட்ட எப்படிச் சொல்றது?

முடியும். உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 மார்ச் 9இல் இந்த உரிமையை ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறை எளிதாக்கப்பட்டது. தெளிவான மனநிலையில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்றொப்பம் பெற வேண்டும். உங்களால் பேச முடியாத நிலையில் யார் உங்களுக்காக முடிவெடுக்க வேண்டும் என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும். குணமாகும் நம்பிக்கை இல்லை என்று மருத்துவர் குழுக்கள் உறுதிசெய்த பிறகே இது செயலுக்கு வரும். குணப்படுத்தக்கூடிய நிமோனியாவுக்கு மருந்து தராமல் விட்டுவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். வலி தணிக்கும் சிகிச்சையும் நிற்காது.

பாரமாகிவிடுவோமோ என்ற கேள்விக்குச் சொன்னதை இங்கேயும் நினைவில் வையுங்கள்: சொல்லாமல் விட்டால் அந்த முடிவை மகனோ மகளோ நள்ளிரவில், மருத்துவமனை வராந்தாவில், குற்றவுணர்ச்சியோடு எடுக்க நேரும். தீபாவளி அன்று பேச வேண்டாம், தொலைபேசியிலும் வேண்டாம். பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் இருக்கும் ஒரு சாதாரண நாளில், சாப்பாட்டுக்குப் பிறகு எடுங்கள். “இப்ப எதுக்குப்பா இந்தப் பேச்சு” என்று ஒருவர் எழுந்து போவார்; விடாமல் அடுத்த முறை வரும்போது மறுபடி சொல்லுங்கள். ஒரு பிரதியைக் குடும்ப மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள். மற்றொன்றை பீரோவுக்குள் வைத்துப் பூட்டாமல், மருத்துவமனைக் கோப்போடு சேர்த்து எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.